சம்பளம் கேட்டால் சான்ஸ் போய்விடும்!

கோடம்பாக்கத்தின் கூலியில்லா உழைப்பும், அதைத் தாங்கிப் பிடிக்கும் எடுபிடி வேலைகளும்

உதவி இயக்குநராகச் சேர வருகிறவரிடம் சினிமா கம்பெனி ஆபீஸில் என்ன கேட்பார்கள்? பிடித்த படம் எது, என்ன படித்தாய், ஒரு சீன் எழுதிக் காட்டு என்றெல்லாம் கேட்பார்கள் என்று நினைத்திருப்போம். அதுவும் உண்டு. ஆனால் அதற்கு முன்பே இரண்டு கேள்விகள் வந்துவிடும். “அப்பா என்ன பண்றாரு தம்பி?” “மெட்ராஸ்ல தங்க இடம் இருக்கா?” கேட்கிறவர் பெரும்பாலும் அக்கறையோடுதான் கேட்கிறார். என்றாலும் அந்த அக்கறைக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அடுத்த ஒன்றிரண்டு வருடங்களுக்கு இந்தப் பையனுக்கு யார் சோறு போடுவார்கள் என்று கம்பெனி தெரிந்துகொள்ளப் பார்க்கிறது. கம்பெனி போடப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம் பகுதிகளில் சினிமாவுக்கென்று வந்து தங்கியிருப்பவர்களிடம் பேசினால் ஊர் மாறும், சாதி மாறும், படிப்பு மாறும். இந்தக் கதை மட்டும் மாறாது. ஒரு படம் பூஜை போட்டு வெளியாவதற்கு முன் கதை விவாதம் என்று மாதக்கணக்கில் ஓடும். அந்தக் காலம் முழுக்க மதியச் சாப்பாடும் டீயும் கிடைத்தால் பெரிது. படப்பிடிப்பு தொடங்கினால் பேட்டா உண்டு. தயாரிப்பாளர் தாராளமானவராக இருந்தால் சம்பளமும் உண்டு. படப்பிடிப்பு முடிந்து எடிட்டிங், டப்பிங் என்று போகும்போது பேட்டா நின்றுவிடும், வேலை நிற்காது. படம் முடங்கிப்போனால் அத்தனை மாதமும் கணக்கில் இல்லாமல் போகும். வெற்றி பெற்றால் டைட்டில் கார்டில் ஒரு பெயர், அடுத்த படத்துக்கு ஓர் அழைப்பு.

செட்டில் அவர்கள் பார்க்கும் வேலையை ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் இதன் அநியாயம் உறைக்கும். கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநரின் கையில் நீளமான ஒரு நோட்டு இருக்கும். காட்சி எண், ஷாட் எண், எத்தனையாவது டேக், எந்த டேக் ஓகே. கதாநாயகனின் சட்டையில் மேல் பட்டன் திறந்திருந்ததா, வாட்ச் எந்தக் கையில், நெற்றிக் குங்குமம் கலைந்திருந்ததா, டம்ளரில் டீ எதுவரை இருந்தது, பின்னால் நடந்துபோன துணை நடிகர் வலமிருந்து வந்தாரா இடமிருந்து வந்தாரா என்று எல்லாம் அதில் ஏறும். ஒரே காட்சியின் மீதிப் பாதியை இரண்டு மாதம் கழித்து வேறு ஊரில் எடுப்பார்கள். அன்றைக்கு அந்த நோட்டில் ஒரு வரி தவறினால் லட்சக்கணக்கில் செலவழித்து எடுத்த காட்சி எடிட்டிங் டேபிளில் ஒட்டாது. இவ்வளவு பொறுப்பையும் சுமக்கிறவர், அதே செட்டில் பேட்டா வாங்கிக்கொண்டு கிளம்பும் லைட்மேனை விடக் குறைவாகச் சம்பாதிக்கிறார். பல நாள்களில் ஒன்றுமே சம்பாதிப்பதில்லை.

லைட்மேனுக்குக் கிடைப்பது சலுகை என்று யாரும் எண்ண வேண்டாம். பல வருடச் சங்கப் போராட்டத்தில் வாங்கிய உரிமை அது. தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியின் கீழ் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. லைட்மேன், மேக்கப், காஸ்ட்யூம், செட் வேலை என்று ஒவ்வொரு கைத்தொழிலுக்கும் கால்ஷீட் நேரமும் கூலியும் பேசி முடிவாகிறது. நேரம் தாண்டினால் கூடுதல் கூலி. இயக்குநர்கள் சங்கமும் இந்தக் குடையின் கீழ்தான் இருக்கிறது, உதவி இயக்குநர்களும் அதில் சேரலாம். ஆனால், உறுப்பினர் அட்டைக்கான பணத்தைப் புரட்டுவதே பாதிப் பேருக்கு மலைப்பு. அட்டை இருந்தாலும் சொந்த இயக்குநரிடம் போய்ச் சங்க விதியைச் சொல்லி நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்?

“கேட்டுப் பார்த்திருக்கீங்களா?” என்று ஒருவரிடம் கேட்டேன். தென்மாவட்டத்திலிருந்து வந்தவர். பகலில் டிஸ்கஷன், ராத்திரியில் உணவு டெலிவரி. “எப்படிண்ணே கேக்குறது? எனக்குப் பின்னாடி வாசல்ல நாலு பேரு நிக்கிறான். அவன் காசே வேணாம்னு சொல்றான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “ஒரு நாள் நைட்டு எங்க டைரக்டர் வீட்டுக்கே ஆர்டர் வந்துச்சுண்ணே. நான் எடுக்கலை. கேன்சல் பண்ணிட்டு வேற ஆர்டருக்கு வெயிட் பண்ணேன்.” டெலிவரி வேலையில் அவருக்கு வெட்கம் ஒன்றுமில்லை. ஊரில் அம்மாவிடம் அதைச் சொல்லியிருக்கிறார். டைரக்டருக்குத் தெரிந்தால்தான் சிக்கல். ‘இவனுக்கு சினிமா மேல முழு ஈடுபாடு இல்லை’ என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பயம். சம்பளமும் தராமல், வேறு வேலை பார்த்தால் ஈடுபாட்டையும் சந்தேகிக்கிற இந்த மனோபாவம்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கொடுமையாகப் படுகிறது.

ஆதியிலிருந்தே சினிமா இப்படித்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது உண்மையில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் இயங்கிய ஜூபிடர், சென்னை ஜெமினி, காரைக்குடியிலிருந்து சென்னைக்கு வந்த ஏவி.எம். போன்றவையெல்லாம் ஆலைகளைப் போல நடந்தவை. எழுத்தாளர், இசைக்கலைஞர், உதவியாளர் எனப் பலரும் மாதச் சம்பளக்காரர்கள். கருணாநிதியும் கண்ணதாசனும் மாடர்ன் தியேட்டர்ஸில் சம்பளத்துக்கு எழுதியவர்கள். அசோகமித்திரன் ஜெமினியில் சுமார் 14 ஆண்டுகள் வேலை பார்த்தார். 1966-ல் வெளியே வந்து முழுநேர எழுத்தாளரானார். அந்தச் சம்பளங்கள் பெரிதொன்றும் இல்லை, முதலாளிகள் தர்மவான்களும் இல்லை. ஆனால் முதல் தேதி என்று ஒன்று இருந்தது. ஸ்டுடியோக்கள் நொடித்து, படம் எடுப்பது தனித்தனித் தயாரிப்பாளர்கள் கைக்குப் போனதும் அந்த முதல் தேதி காணாமல் போனது. உதவி இயக்குநர் கம்பெனியின் ஊழியர் என்ற நிலை மாறி, இயக்குநரின் ஆளாக ஆனார். இன்றைக்கும் பல படங்களில் இயக்குநருக்கு மொத்தமாக ஒரு தொகை பேசுகிறார்கள். அதற்குள்ளேயே அவர் தன் ஆட்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் படம் பண்ணுகிற இயக்குநருக்கே அந்தத் தொகை பாதியில் நின்றுபோனால் ஐந்தாவது அசிஸ்டென்ட் யாரிடம் போய்க் கேட்பார்?

அந்தப் பழைய நாள்களிலிருந்து ஒரு சம்பவத்தைத் திரையுலகில் இன்றும் சொல்வார்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் ஜூபிடரில் ஆபீஸ் பையனாக இருந்தவர். எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் ஆர்மோனியப் பெட்டியைத் துடைத்து வைப்பது, டிபன் வாங்கி வருவது என்று எடுபிடி வேலை. இடையில் அவர் போட்டுக் காட்டிய மெட்டு நாயுடுவுக்குப் பிடித்துப்போய், பிறகு பல மெட்டுகள் நாயுடுவின் பெயரிலேயே வெளிவந்தன. ஜூபிடர் கோவையை விட்டுச் சென்னைக்குக் கிளம்பியபோது நாயுடு முதலாளியிடம் உண்மையைச் சொன்னார். இன்ன பாட்டெல்லாம் இந்தப் பையன் போட்டது, இவனை விட்டுவிடாமல் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். எடுபிடிப் பையனின் உழைப்புக்குப் பெரியவர் வாயைத் திறந்து சாட்சி சொன்னதை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. அதோடு, சொல்லாமல் விட்ட பெரியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியும் எழுகிறது. அப்படிப் போன மெட்டுகளும் வசனங்களும் யாருடையவை என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

கதை விவாத அறைகளில் இந்த ஆபத்து இன்னும் நெருக்கமானது. அங்கே சொல்லும் ஒரு யோசனைக்கு ரசீது கிடையாது. 2018-ல் ‘சர்கார்’ படம் வெளியாகும் முன், உதவி இயக்குநர் வருண் ராஜேந்திரன் தான் எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்திருந்த ‘செங்கோல்’ கதையோடு அது ஒத்துப்போகிறது என்றார். படத்தின் இயக்குநர் அதை மறுத்தார். கே.பாக்யராஜ் தலைமையிலிருந்த சங்கம் ஒற்றுமை இருப்பதாகச் சொன்னது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், வருணுக்குப் படத்தில் அங்கீகாரம் தருவதென்று சமரசத்தில் முடிந்தது. பதிவு செய்து வைத்திருந்ததால் மட்டுமே அவரால் பேச முடிந்தது. டிஸ்கஷனில் வாய்வார்த்தையாகக் கொட்டுகிற இளைஞர்களுக்கு அந்தப் பிடிமானம்கூட இல்லை.

ஆனால் எடுபிடி வேலைகளைப் பற்றி எனக்கு வேறு கருத்து. கலைஞன் ஆவதற்கு முன் கிடைத்த வேலையைச் செய்தவர்களின் வாழ்க்கையைக் கவனித்தால், காசு கிடைத்த வேலைகள் அவர்களைத் தாங்கியிருக்கின்றன, பலருக்குத் தொழிலையும் கற்றுக் கொடுத்திருக்கின்றன. இளையராஜா 1968-ல் சென்னை வந்தவர். தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம். பிழைப்புக்கு கிட்டார் வாசிப்பு, பிறகு ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர். ‘அன்னக்கிளி’ வந்தது 1976-ல். இடையில் ஓடிய எட்டு வருடத்தில் அவர் வாசித்த ஒவ்வொரு கால்ஷீட்டுக்கும் கூலி உண்டு, ஒவ்வொன்றும் பாடமும்கூட. ஒன்பது வயதில் அப்பா ஆர்.கே.சேகரை இழந்த ஏ.ஆர்.ரஹ்மானின் வீட்டில், அப்பாவின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அடுப்பெரிந்தது. அவரும் பள்ளி வயதிலேயே கீபோர்டு வாசிக்கப் போனார். அப்புறம் விளம்பர ஜிங்கிள்கள். ‘ரோஜா’ வந்தபோது அவர் புதுமுகமாக இருக்கலாம், ரெக்கார்டிங் தியேட்டருக்கு அவர் பழைய ஆள்.

விஜய் சேதுபதி துபாயில் கணக்கு வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, கூத்துப்பட்டறையில் சேர்ந்தது கணக்கராகத்தான். கணக்கை எழுதிக்கொண்டே நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். ‘புதுப்பேட்டை’, ‘வெண்ணிலா கபடிக்குழு’ என்று தலைகாட்டி, 2010-ல் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ வருவதற்குள் பல வருடம் ஓடிவிட்டது. ‘காக்கா முட்டை’ எடுத்த எம்.மணிகண்டன் கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்தவர். ‘குட் நைட்’ நாயகன் மணிகண்டன் ரேடியோ ஜாக்கியாகவும் டப்பிங் குரலாகவும் இருந்து, ‘விக்ரம் வேதா’வுக்கு வசனம் எழுதியவர். டப்பிங் தியேட்டரில் மற்றவர்களின் உதட்டசைவுக்குப் பேசிப் பேசிப் பழகியவருக்கு ஒரு வரியை எங்கே நிறுத்தி மூச்செடுப்பது என்று தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கூத்துப்பட்டறை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ந.முத்துசாமி 1977-ல் தொடங்கிய அந்தக் குழு, ஃபோர்டு அறக்கட்டளையின் நல்கை கிடைத்த காலத்தில் நடிகர்களை முழுநேரமாக, மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. காலையில் உடற்பயிற்சி, சிலம்பம், கூத்து, குரல் பயிற்சி. நவீன நாடகத்தில் லாபம் என்ற பேச்சே இல்லை. அங்கே சாத்தியமான மாதச் சம்பளம், கோடிகள் புரளும் சினிமாவில் ஏன் சாத்தியமில்லை? அங்கிருந்து வந்தவர்கள் பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம். வயிற்றுக் கவலை இல்லாமல் சில வருடங்கள் உடம்பையும் குரலையும் பழக்கினால் என்ன கிடைக்கும் என்பதை இவர்கள் நடிப்பில் பார்க்கலாம்.

சிறுபத்திரிகைகளில் எழுதியவர்களுக்கு மட்டும் காசு கிடைத்ததா என்று ஒருவர் கேட்கலாம். கிடைக்கவில்லை. சி.சு.செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி, கைப்பணத்தைப் போட்டு நடத்தினார். புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். எழுதியவருக்கும் காசில்லை, ஆசிரியருக்கு நஷ்டம். எல்லாரும் சேர்ந்து இழந்தார்கள், அந்த இழப்பில் ஒரு நியாயம் இருந்தது. கதாநாயகனுக்குப் பல கோடி, கேரவனுக்குத் தனி வாடகை என்று பட்ஜெட் போடுகிற இடத்தில் ஐந்து உதவியாளர்கள் மட்டும் கலைக்காக உழைக்க வேண்டும் என்பதை அதோடு சேர்க்க முடியாது. சமூக ஊடகப் பக்கங்களுக்கு ஓவியம் கேட்டு, ‘உங்க பேரைப் போடுறோம், நல்ல ரீச் கிடைக்கும்’ என்று சொல்கிற விளம்பரக்காரர்களும் இந்த இரண்டாம் வகைதான். ‘ஒரே ஒரு சாம்பிள்’ என்று வாங்கிக்கொண்டு போனவர்கள் அதையே அச்சில் போட்ட கதையை ஓவியக் கல்லூரியில் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கஷ்டப்பட்டு ஜெயித்த கதைகளை நம் பத்திரிகைகள் நிறையப் போட்டிருக்கின்றன, இந்தப் பத்திரிகையும் போட்டிருக்கிறது. பட்டினி கிடந்தார், பிளாட்பாரத்தில் படுத்தார், இன்று கார் பங்களா என்று படிக்கும்போது கண் கலங்குகிறது. ஆனால் அதே பட்டினி கிடந்து ஜெயிக்காதவர்கள் பேட்டி கொடுப்பதில்லை. நாற்பத்தைந்து வயதில் ஊருக்குத் திரும்பி மளிகைக்கடையில் கணக்கு எழுதுகிறவரிடம் யாரும் மைக் நீட்டுவதில்லை. ஜெயித்தவரும் தன் பட்டினிதான் தன்னை உருவாக்கியது என்று நம்பத் தொடங்கிவிடுகிறார். ‘நான் பட்டதை இவனும் படட்டும், அப்பத்தான் வைராக்கியம் வரும்’ என்று தன் உதவியாளரிடமும் அதையே எதிர்பார்க்கிறார். இவர்களில் பலர் நல்லவர்கள். அதனால்தான் இந்த வழக்கம் இவ்வளவு காலம் கேள்வியின்றி நிற்கிறது.

அந்தப் பட்டினிக்கான செலவை ஏற்பவர்கள் வேறு யாரோ. பையன் சினிமாவில் இருக்கிறான் என்றால், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சம்பாதிக்கிற அக்கா மாதாமாதம் பணம் போடுகிறார் என்று அர்த்தம். மகளிர் குழுக் கடனில் அம்மா ஒரு தவணை கூடுதலாக எடுத்திருக்கிறார். கல்யாணமானவர் என்றால் மனைவியின் பள்ளிக்கூட வேலைதான் வீட்டு வாடகை. நூறு கோடி வசூல் என்று போஸ்டர் ஒட்டும் படத்தில் இவர்களுடைய பணமும் முதலீடாகக் கலந்திருக்கிறது. லாபத்தில் பங்கு கேட்க அவர்களுக்கு வழியில்லை.

இப்படிப் பணம் போட ஒரு அக்காகூட இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன ஆவான்? அவன் சென்னைக்குக் கிளம்பவே மாட்டான், அல்லது ஆறு மாதத்தில் திரும்பிவிடுவான். அவனோடு அவன் தெருவின் கதையும் திரும்பிவிடும். தமிழ் சினிமா நெடுங்காலம் யாருடைய கதைகளைச் சொல்லவில்லை என்று யோசித்தால், வாய்ப்புக் கேட்டு வந்தவனிடம் ‘அப்பா என்ன பண்றாரு’ என்று கேட்ட வாசலிலேயே பல கதைகள் நின்றுபோனது தெரியும். மாரி செல்வராஜ் இயக்குநர் ராமிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்து, 2018-ல் ‘பரியேறும் பெருமாள்’ எடுத்தார். அந்தப் படத்தைத் தயாரித்தவர் பா.இரஞ்சித், அவரும் உதவி இயக்குநராக இருந்து வந்தவர்தான். அந்தப் படம் எப்படி ஒரு திறப்பாக இருந்தது என்று நாம் பேசுகிறோம். அதற்கு முன்னால் திறக்காமல் போன கதவுகளையும் பேச வேண்டும்.

பெண்களுக்குக் கணக்கு இன்னும் இறுக்கமானது. ஆண்கள் என்றால் ஓர் அறையில் ஆறு பேர் பாய் விரித்துக்கொள்வார்கள், ஒன்றும் இல்லாத நாளில் ஆபீஸ் மாடியிலேயே படுத்துவிடுவார்கள். ஒரு பெண் அப்படிச் செய்ய முடியாது. விடுதிக் கட்டணம் கட்டியாக வேண்டும். நள்ளிரவு ஷூட்டிங் முடிந்தால் பஸ்ஸுக்காக விடியும்வரை காத்திருக்க முடியாது, ஆட்டோவுக்குக் காசு வேண்டும். ஒரு பெண் உதவி இயக்குநரிடம் பேசியபோது, “எனக்கு பேட்டா வேணும்னு கேட்கலை சார், வீட்டுக்குப் போற ஆட்டோக் காசு குடுங்கன்னுதான் கேட்டேன்” என்றார். அதற்கும் புரொடக்‌ஷன் மேனேஜர் முகம் சுளித்தாராம். மணிரத்னத்திடம் பல ஆண்டுகள் பணியாற்றி வந்த சுதா கொங்கரா போன்றவர்களின் எண்ணிக்கை ஏன் இன்னும் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறது என்பதற்கு இந்த ஆட்டோக் காசும் ஒரு காரணம்.

இதற்கெல்லாம் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1981-லேயே நாடாளுமன்றம் திரைப்படத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் யாரையும் படத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை. நடிகர், இசைக்கலைஞர் தொடங்கி கலை, தொழில்நுட்பம், மேற்பார்வை, உடலுழைப்பு என்று எந்த வேலை செய்தாலும் குறிப்பிட்ட ஊதிய வரம்புக்குள் இருந்தவர் அதில் வந்தார். 2020-ல் நிறைவேறிய பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் சட்டத்தொகுப்பும் ஒலி-ஒளித் தொழிலாளர் என்ற பெயரில் இதே ஒப்பந்த விதியை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் நான் பேசிய உதவி இயக்குநர்களில் யார் கையிலும் அப்படி ஒரு தாள் இல்லை. சிலருக்கு அப்படி ஒன்று உண்டென்றே தெரியவில்லை. “அக்ரிமென்ட் எல்லாம் ஹீரோவுக்குத்தானே சார்?” என்று கேட்டார் ஒருவர்.

தங்கள் சம்பளத்திலிருந்து எடுத்தாவது உதவியாளர்களுக்கு மாதம் தவறாமல் கொடுக்கும் இயக்குநர்களும் இருக்கிறார்கள். படம் இல்லாத மாதங்களிலும் அறை வாடகை அனுப்பியவர்களைப் பற்றி நன்றியோடு சொன்னார்கள். ஆனால் ஒரு மனிதரின் நல்ல மனசை நம்பி ஒரு தொழில் நடக்கக் கூடாது. தயாரிப்பாளர் சங்கமும் இயக்குநர் சங்கமும் உட்கார்ந்து பேசினால் முடிகிற வேலை இது. உதவி இயக்குநர்களின் சம்பளத்தை இயக்குநரின் தொகைக்குள் புதைக்காமல் பட்ஜெட்டில் தனித் தலைப்பாக எழுத வேண்டும். கதை விவாதத்தின் முதல் நாளிலிருந்தே மாதச் சம்பளத்தைக் கணக்கிட வேண்டும். படம் நின்றுபோனாலும் அதுவரையான சம்பளம் பாக்கி என்று ஒரு பக்கத் தாளில் கையெழுத்தாக வேண்டும். கதை விவாதத்தில் உட்கார்ந்தவர்களின் பெயர்கள், உட்கார்ந்த நாள்களோடு அதே தாளில் இடம்பெற வேண்டும். இந்த மாதம் ஆபீஸ் போட்டு டிஸ்கஷன் தொடங்கவிருக்கும் எந்தக் கம்பெனியும் சங்கங்களுக்காகக் காத்திராமல் நாளைக் காலையிலேயே இதைச் செய்யலாம். செலவு, ஒரு நாள் கேரவன் வாடகையிலிருந்து தொடங்குகிறது.